காம்பினேஷன் ஐ வாஷ், சேஃப்டி ஷவர்: பிரித்து, சுத்தம் செய்து, அளந்து மாட்டிய பதிவு

ரசாயனம் கண்ணிலோ உடம்பிலோ தெறித்தவர் உடனே கழுவிக்கொள்ள, கண் கழுவும் பவுலும் (ஐ வாஷ்) தலைக்கு மேல் ஷவரும் சேர்ந்த அவசர யூனிட் இது. வாராவாரம் கைப்பிடியைத் தள்ளி, தண்ணீர் வந்ததும் மூடி, தொங்குகிற அட்டையில் டிக் போட்டுவந்தார்கள். அட்டையில் ஒரு வாரம்கூட விடுபடவில்லை. ஆனால் வாளியும் ஸ்டாப் வாட்ச்சும் வைத்து அளந்தபோது ஷவரில் வேண்டிய தண்ணீரில் பாதிதான் வந்தது. "தண்ணி வருதா?" என்று மட்டும் பார்த்தால் இந்தக் குறை கண்ணில் படாது. எவ்வளவு வருகிறது, பதினைந்து நிமிடம் தாங்குமா, என்ன சூட்டில் வருகிறது, அதைத் திறந்த கண்ணில் விடலாமா என்ற நான்கையும் பார்க்க வேண்டும்.

யூனிட்டின் அமைப்பு: 1¼ அங்குல ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பில் வரும் லைன், மேலே ஷவர் தலை, 1 அங்குல பால் வால்வு, இழுக்கும் கம்பி. இடுப்பு உயரத்தில் இரண்டு நாசில் கொண்ட கண்-முகம் கழுவும் பவுல், அதற்கு ½ அங்குல வால்வு, தள்ளும் தகடு. மெயின் லைனிலிருந்து யூனிட் வரை 14 மீட்டர் கிளைப் பைப். இந்த 14 மீட்டரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே கணக்குக்குத் தேவைப்படும்.

கை வைப்பதற்கு முன்

ஷவரைக் கழற்றி வைத்திருக்கும் நேரத்தில் பக்கத்தில் யாரும் அமிலமோ காரமோ கையாளக் கூடாது. முடிந்தால் அந்த வேலையையே நிறுத்திவிடுவது நல்லது. ஐ வாஷுக்கு மட்டுமாவது தற்காலிக மாற்று வேண்டுமென்றால் தொட்டியோடு வரும் கையடக்க யூனிட்டை வைக்கலாம். நிமிடத்துக்கு 1.5 லிட்டர் வீதம் 15 நிமிடம் ஓட வேண்டும் என்பதால் அதில் 23 லிட்டராவது இருக்க வேண்டும். அரை லிட்டர், ஒரு லிட்டர் கண் கழுவும் பாட்டில்கள் இதற்கு ஈடாகாது. ஐ வாஷ் இருக்கும் இடத்துக்கு நடந்து போகும்வரை சமாளிக்கத்தான் அவை உதவும்.

"வேலை செய்யாது" என்ற அட்டையைப் பவுலில் மாட்டினால் மட்டும் போதாது. எரிகிற கண்ணோடு ஓடிவருபவர் பவுல்வரை வந்த பிறகா அதைப் படிப்பார்? வரும் வழியிலேயே தடுப்பு வைத்து, மாற்று எங்கே இருக்கிறது என்று அம்புக்குறி போட வேண்டும். ஷிப்ட் மாறும்போது வாயாலும் சொல்ல வேண்டும்.

முதல் அளவு

ஒப்பிடுவதற்கு எடுத்துக்கொண்டது அவசர ஐ வாஷ், ஷவர்களுக்கான அமெரிக்கத் தரநிலையான ஆன்சி இசட்358.1, 2014 பதிப்பு. ஷவருக்கு நிமிடத்துக்கு 75.7 லிட்டர், கண்-முகம் கழுவும் பவுலுக்கு 11.4 லிட்டர், கண் மட்டும் கழுவும் யூனிட்டுக்கு 1.5 லிட்டர். எல்லாமே தொடர்ந்து 15 நிமிடம். தண்ணீரின் சூடு 16 முதல் 38 டிகிரி செல்சியஸுக்குள். வால்வு ஒரு நொடிக்குள் முழுசாகத் திறந்து, கையை எடுத்த பிறகும் திறந்தே நிற்க வேண்டும். இமைகளைப் பிரித்துப் பிடிக்க இரண்டு கையும் தேவை என்பதால்தான் இந்தக் கடைசி விதி.

அளக்க ஃப்ளோ மீட்டர் தேவையில்லை. ஷவர் தலையைச் சுற்றி பிளாஸ்டிக் உறை ஒன்றை இறுகக் கட்டி, அதன் வாயைப் பெரிய டிரம்முக்குள் விட வேண்டும். ஓட்டம் சீரானதும் உறையை 20 லிட்டர் வாளிக்குத் திருப்பி நேரம் பார்க்க வேண்டும். 16 நொடிக்குள் வாளி நிரம்பினால் 75 லிட்டர் வருகிறது என்று பொருள். ஐ வாஷுக்குப் பவுலின் வடிகால் வாயில் 10 லிட்டர் வாளி வைத்துப் பிடித்தால் 52 நொடிக்குள் நிரம்ப வேண்டும். பவுலில் தண்ணீர் மட்டம் நிலைத்த பிறகுதான் வாட்ச்சை அழுத்த வேண்டும். தொடக்கத்திலேயே அழுத்தினால் பவுல் நிரம்பும் நேரமும் சேர்ந்துவிடும்.

கிடைத்தது இது. ஷவர்: 20 லிட்டருக்கு 29 நொடி, அதாவது நிமிடத்துக்கு 41 லிட்டர். ஐ வாஷ்: 10 லிட்டருக்கு 75 நொடி, அதாவது 8 லிட்டர். வலது நாசிலின் தாரை இடதைவிட இரண்டு விரல்கடை தாழ்வு. ஷவரில் முதல் சில நொடிக்குச் செம்பழுப்புத் தண்ணீர். கம்பியை இழுக்க உடம்பின் எடையையே கொடுக்க வேண்டியிருந்தது.

பிரஷர் கேஜ் காட்டியதுதான் துப்புக் கொடுத்தது. எல்லாம் மூடியிருக்கும்போது 3.2 பார். ஷவரைத் திறந்ததும் 0.6 பாருக்கு விழுந்தது. தண்ணீர் நிற்கும்போது அழுத்தம் நன்றாக இருந்து, ஓடும்போது இப்படிச் சரிந்தால் கேஜுக்கு முன்னால் எங்கோ வழி குறுகியிருக்கிறது. இதே யூனிட் கூரைத் தொட்டியிலிருந்து நேரடியாக ஊட்டப்பட்டிருந்தால் நிற்கும்போதே அழுத்தம் குறைவாகக் காட்டியிருக்கும். 10 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 பார்தான் கிடைக்கும். ஷவர்கள் பெரும்பாலும் 2 பார் ஓட்ட அழுத்தத்தை நம்பித்தான் வடிவமைக்கப்படுகின்றன. அந்த நிலையில் எவ்வளவு சுத்தம் செய்தாலும் பலனில்லை. பூஸ்டர் பம்ப், அல்லது குறைந்த அழுத்தத்துக்கென்றே செய்த ஷவர் தலையும் பெரிய பைப்பும் வேண்டும்.

வழி குறுகிய இடம்

லைனின் தொடக்கத்தில் ஒரு கேட் வால்வு. சக்கரம் முழுசாகத் திறந்த நிலையில் சுற்றி நின்றது. பானெட்டை (வால்வின் மேல்மூடியை) கழற்றிப் பார்த்தால் உள்ளே வழியை அடைக்கும் ஆப்புத் தகடான வெட்ஜ் தண்டோடு சேர்ந்து மேலே வரவில்லை. தண்டின் நுனி அரித்து, வெட்ஜ் அதிலிருந்து கழன்று, பாதி வழியில் சரிந்து கிடந்தது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது. சக்கரம் சுற்றும், தண்டு ஏறும், வால்வு திறந்திருப்பதாகத்தான் தோன்றும்.

அவசர யூனிட்டின் லைனில் கேட் வால்வு வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. அதை எடுத்துவிட்டு 1¼ அங்குல ஃபுல் போர் பால் வால்வு போட்டோம். 'ஃபுல் போர்' என்று கேட்டு வாங்க வேண்டும். சாதாரண வகையில் பந்தின் துளை பைப்பைவிட ஓர் அளவு சிறியது. கைப்பிடி பைப்புக்கு நேராக இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்காக இருந்தால் மூடியிருக்கிறது. பத்தடி தள்ளி நின்றாலே தெரியும். திறந்த நிலையில் பூட்டு மாட்டி, சாவியைப் பராமரிப்புப் பிரிவிடம் மட்டும் வைத்தாயிற்று. எங்கோ கசிகிறது என்று இந்த வால்வை மூடிவிட்டு மறந்துபோவதுதான் அவசர ஷவர்களுக்கு நேரும் ஆகப் பெரிய ஆபத்து.

அடுத்து ஒய் வகை ஸ்ட்ரெய்னர், அதாவது லைனில் குப்பையைப் பிடிக்கும் வலை வடிகட்டி. வலையில் துருச் செதில், மணல், அவற்றோடு நூல்நூலாக டெஃப்லான் டேப். டேப்பை மரையின் முதல் சுற்றிலிருந்தே சுற்றினால் நுனி பைப்புக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும், பிறகு அறுந்து ஓடிவந்து நாசிலில் உட்காரும். முதல் மரையை விட்டு இரண்டாவதில் தொடங்கி, மரை முறுகும் திசையிலேயே சுற்ற வேண்டும். வலையை நைலான் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, கிழிசல் இல்லையா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து மாட்டினோம்.

நாசிலும் ஷவர் தலையும்

நாசில்களைக் கழற்றும்போது பாகங்களின் வரிசையைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். இந்த யூனிட்டில் மேலிருந்து கீழே: டஸ்ட் கேப், நாசில் உடல், நுண்வலை, ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் ரப்பர் வட்டு, ஓ-ரிங். ரப்பர் வட்டைத் தேவையில்லாத வாஷர் என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். அது இல்லையென்றால் லைன் அழுத்தம் கூடும்போது தாரை ஊசிபோல் பாயும். ஏற்கெனவே வெந்துபோன விழிக்கு அந்த வேகமே காயம். ஐ வாஷ் தாரை மெத்தென்று இருக்க வேண்டும்.

வலது வலையில் பாதிக்கு மேல் வெள்ளை உப்புப் படிவு. இதற்கு 1 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 50 கிராம் சிட்ரிக் அமிலம், 30 நிமிட ஊறல், பிறகு மென்மையான பிரஷ். போகாவிட்டால் புதுக் கரைசலில் இன்னொரு முறை. ஹைட்ரோகுளோரிக் அமிலம் பக்கமே போக வேண்டாம். அதிலுள்ள குளோரைடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் புள்ளிப்புள்ளியாகக் குழி பறிக்கும், பித்தளை மேலுள்ள குரோம் பூச்சையும் உரிக்கும். ஊசியால் துளையைக் குத்துவதும் தவறு. துளை கொஞ்சம் கோணினாலும் தாரை வேறு பக்கம் போகும்.

ஓ-ரிங்குகள் தட்டையாகியிருந்தன, மாற்றியாயிற்று. தடவியது குடிநீர்த் தரச் சிலிக்கான் கிரீஸ். குழாய் வேலையில் இ.பி.டி.எம். ரப்பர் ஓ-ரிங் அதிகம், அது பெட்ரோலிய கிரீஸ் பட்டால் ஊதிப்போகும்.

டஸ்ட் கேப் சின்னச் சாமான்தான், ஆனால் கவனிக்க வேண்டியது. தண்ணீரின் வேகத்திலேயே அது கழன்று விழ வேண்டும், தனியாக யாரும் கையால் எடுக்கும்படி இருக்கக் கூடாது. ஒன்றின் கீல் இறுகியிருந்ததால் இரண்டையுமே மாற்றினோம். கேப்பே இல்லாத நாசிலில் தூசியும் பூச்சியும் சேரும், கண்ணுக்குள் முதலில் போவது அதுதான்.

ஷவர் தலைக்கும் அதே சிட்ரிக் கரைசல். கவனிக்க ஒன்று: குளியலறை ஷவர் தலையை இங்கே போடக் கூடாது. அது 75 லிட்டரைக் கடத்தாது.

இறுகிய பால் வால்வு

ஷவர் வால்வு வாரம் சில நொடிதான் அசைகிறது. மீதி நேரமெல்லாம் பந்தின் ஒரு பக்கம் நின்ற தண்ணீர், மறுபக்கம் ஈரக் காற்று. உப்பு படியும் இடம் அந்த விளிம்புதான். சொரசொரப்பான அந்தப் படிவு ஒவ்வொரு இழுப்பிலும் பந்தைச் சுற்றி அடைக்கும் டெஃப்லான் வளையத்தை (சீட்டை) கீறும். முதலில் இறுக்கம், பிறகு சொட்டு. சொட்டுகிறது என்று தண்டைச் சுற்றியுள்ள பேக்கிங் நட்டை முறுக்கினால் இன்னும் இறுகும். இந்த வால்வு அந்த நிலைக்கு வந்துவிட்டது. சீட் கிட் போட்டுப் பார்க்கலாம் என்ற யோசனை இருந்தது. ஆனால் பந்தின் பூச்சே உரிந்திருந்ததால் புது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வால்வாகவே மாற்றியாயிற்று.

மாற்றும்போது வரும் தவறுகள் மூன்று. தண்ணீர் வீணாகிறதே என்று ஸ்பிரிங்கால் தானே மூடிக்கொள்ளும் வால்வு போடுவது முதலாவது. கம்பியை விட்டதும் தண்ணீர் நின்றுவிட்டால் உடையைக் கழற்றுவதா, கம்பியைப் பிடித்துக்கொண்டே நிற்பதா? இரண்டாவது, லீவர் முழு 90 டிகிரி திரும்புவதற்குள் சுவரிலோ பைப்பிலோ முட்டுவது. முக்கால் திறந்த வால்வில் ஓட்டம் சட்டென்று குறையும். முறுக்கி முடிக்கும் முன்பே லீவரை மாட்டித் திருப்பிப் பார்த்துவிட வேண்டும். மூன்றாவது, கம்பிக்குப் பதில் சங்கிலி. சங்கிலி ஆடும், தலையில் இடிக்கும், யாரோ ஒருவர் அதைச் சுருட்டி மேலே கட்டிவிடுவார். முறுக்கான கம்பியே நல்லது. பிடி தரையிலிருந்து 173 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. தரைக்கு மேல் புதிதாக மேடையோ கிரேட்டிங்கோ போட்டிருந்தால், ஆள் நிற்கும் மட்டத்திலிருந்து மறுபடி அளக்க வேண்டும். இங்கே 165 செ.மீ.யில் வைத்தோம்.

கிருமி நீக்கம்

நின்ற தண்ணீரில் அகாந்தமீபா, சூடோமோனாஸ், லெஜியோனெல்லா என்ற மூன்று கிருமிகளும் வளரும். ரசாயனம் பட்டு மேல்தோல் உரிந்த விழிப்படலத்துக்கு முதல் இரண்டும் பார்வையையே பறிக்கக்கூடிய தொற்றைத் தருபவை. ஷவரின் தூவலில் மூச்சோடு உள்ளே போகும் லெஜியோனெல்லா நுரையீரலைத் தாக்கும்.

14 மீட்டர் 1¼ அங்குலப் பைப்பில் மீட்டருக்குச் சுமார் 1 லிட்டர் வீதம் 14 லிட்டர் நிற்கிறது. பவுல், இணைப்புகள் சேர்த்து 20 லிட்டர் என்று வைத்துக்கொண்டோம். லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் வர, 10 சதவீதச் சோடியம் ஹைப்போகுளோரைட் 10 மில்லி போதும். மெயின் லைன் பக்கத்து வால்வை மூடி, யூனியனை (கழற்றி மாட்டும் பைப் இணைப்பை) கழற்றி, கைப் பம்பால் கரைசலை ஏற்றி, இரண்டு நாசிலிலும் ஷவரிலும் குளோரின் வாடை வரும்வரை தள்ளி, ஒரு மணி நேரம் விட்டோம். அதற்கு முன் சிட்ரிக் கரைசல் துளிகூட மிச்சமில்லாமல் அலசியிருக்க வேண்டும். அமிலமும் ஹைப்போவும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். கடைசியில் டெஸ்ட் ஸ்ட்ரிப்பில் மெயின் லைன் தண்ணீரின் அளவே காட்டும்வரை ஓடவிட்டோம். அதுவரை தடுப்பையும் அட்டையையும் எடுக்கவில்லை.

திரும்ப அளந்தது

ஷவர் மட்டும்: 20 லிட்டருக்கு 15 நொடி, நிமிடத்துக்கு 80 லிட்டர். ஷவரும் ஐ வாஷும் ஒன்றாகத் திறந்து: ஷவர் 15.5 நொடி, ஐ வாஷ் 10 லிட்டருக்கு 48 நொடி, அதாவது 12.5 லிட்டர். ஓடும்போது கேஜ் 2.3 பார். காம்பினேஷன் யூனிட்டை இப்படி இரண்டையும் சேர்த்துத் திறந்துதான் அளக்க வேண்டும். முகத்திலும் உடம்பிலும் ஒன்றாகத் தெறித்தவருக்கு இரண்டுமே ஒரே நேரத்தில் தேவை.

ஷவரின் விரிவு: தரையிலிருந்து 152 செ.மீ. உயரத்தில் தண்ணீர் 51 செ.மீ. விட்டத்துக்காவது பரவ வேண்டும். அந்த உயரத்தில் அளவுகோலைக் குறுக்கே பிடித்துப் பார்த்தோம், சரி.

ஐ வாஷ் தாரைக்கான தகட்டை நாமே செய்துகொள்ளலாம். 10 செ.மீ. நீளக் கண்ணாடிபோன்ற அக்ரிலிக் துண்டு. நடுவிலிருந்து இருபுறமும் 1.6 செ.மீ.யில் ஒரு கோடு, 4.1 செ.மீ.யில் ஒரு கோடு. இரண்டு தாரைக்கும் குறுக்கே, நாசிலுக்கு மேல் 20 செ.மீ.க்குள் இதைப் பிடித்து மெல்ல ஏற்றி இறக்கினால், ஏதாவது ஓர் உயரத்தில் இருபக்கமும் உள்கோட்டுக்கும் வெளிக்கோட்டுக்கும் நடுவே தண்ணீர் முழுசாக நனைக்க வேண்டும். கண்கள் இருக்கும் இடம் அதுதான். ஒரு பக்கம் மட்டும் நனையாவிட்டால் அந்த நாசிலில் அடைப்பு. இரண்டும் தாழ்ந்தால் ஸ்ட்ரெய்னர் அல்லது லைன் வால்வு. இரண்டும் கூரை நோக்கிப் பாய்ந்தால் ரப்பர் வட்டு விடுபட்டிருக்கிறது.

சூடு மட்டும் இன்னும் முழுசாகத் தீரவில்லை. கிளைப் பைப்பில் ஒரு பகுதி வெயிலில் கிடக்கிறது. நண்பகலில் முதலில் வரும் தண்ணீர் 38 டிகிரியைத் தாண்டுகிறது. இன்சுலேஷன் சுற்றினால் உச்சி வெயிலின் கூர்மை குறையும், அவ்வளவுதான். நாள்கணக்கில் நிற்கும் தண்ணீர் கடைசியில் சுற்றுச்சூழலின் சராசரிச் சூட்டுக்கே வந்துசேரும். லைனில் பொருத்தும் ஸ்கால்டு வால்வு குறிப்பிட்ட சூட்டைத் தாண்டினால் தானே திறந்து சூடான தண்ணீரை வடிகாலுக்கு விடும். இப்போதைக்கு நிழல் தகடும் அந்த வால்வும் போட்டிருக்கிறது. பைப்பையே நிழல் வழியாகத் திருப்பிவிடுவது அடுத்த வேலை. சூடான தண்ணீர் வெறும் அசௌகரியம் என்று விடக்கூடியதில்லை. ரசாயனம் தோலுக்குள் இறங்கும் வேகத்தை அது கூட்டும், அதைவிட முக்கியமாக ஆளை 15 நிமிடம் நிற்க விடாது. ஆளை நடுக்கும் குளிர் நீரிலும் இதே கதைதான். காரம் பட்ட கண் என்றால் அந்தப் பதினைந்து நிமிடத்தில் ஒரு நிமிடம்கூடக் குறையக் கூடாது. அமிலம் புரதத்தை உறையவைப்பதால் அந்த உறைவே ஓரளவு தடுப்பாகிறது. காரமோ கொழுப்பைச் சோப்பாக்கிக்கொண்டே ஆழமாக இறங்கும்.

இனி வாராந்திரச் சோதனை

நேரத்தைப் பைப் நீளத்திலிருந்து கணக்கிட வேண்டும், எல்லா யூனிட்டுக்கும் ஒரே எண் பொருந்தாது. இங்கே 14 லிட்டரை வெளியேற்ற 80 லிட்டர் ஓட்டத்துக்கு 11 நொடி. ஆகவே முதலில் ஷவர் 15 நொடி. துருவும் பழைய தண்ணீரும் பெரிய வழியாகப் போகட்டும். பிறகு ஐ வாஷ் 1 நிமிடம். இந்த வரிசை மாறினால் துருவெல்லாம் நாசில் வலையில் போய் உட்காரும். ஐ வாஷ் மட்டுமே உள்ள, ½ அங்குலப் பைப்பில் ஓடும் 1.5 லிட்டர் யூனிட்டுக்கோ கணக்கே வேறு: மீட்டருக்கு 0.2 லிட்டர் வீதம் 20 மீட்டரில் 4 லிட்டர், அதற்கே 2 நிமிடம் 40 நொடி ஓட வேண்டும்.

அட்டையில் டிக் கட்டத்தை எடுத்துவிட்டு நான்கு கட்டம் போட்டோம்: வாளி நிரம்பிய நொடி, சூடு, தாரைகள் சமமா, தெளிந்த தண்ணீர் வர ஆன நொடி. கடைசி எண் மாதாமாதம் ஏறினால் பைப்புக்குள் துரு கூடுகிறது. வாளி நொடி ஏறினால் ஸ்ட்ரெய்னரைத் திறக்கும் நேரம் வந்துவிட்டது. வருடத்துக்கு ஒருமுறை முழு 15 நிமிட ஓட்டம். ஷவருக்கு மட்டும் 1,136 லிட்டர் போகும், ஆயிரம் லிட்டர் தொட்டி வைத்தால் வழிந்துவிடும். வடிகால் அதை விழுங்குமா என்பதையும் அன்றைக்கே பார்த்துக்கொள்ளலாம். சூட்டை 1, 5, 15 ஆம் நிமிடங்களில் தனித்தனியே குறிக்க வேண்டும்.

தடுப்பை எடுத்த பிறகு, ரசாயனம் ஊற்றும் மேசையிலிருந்து ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு நடந்து பார்த்தார், பக்கத்தில் இன்னொருவர் துணைக்கு. 10 நொடிக்குள் கை தகட்டில் பட வேண்டும். முதல் முறை 14 நொடி. பவுலுக்கு முன்னால் நின்ற தள்ளுவண்டியைச் சுற்ற வேண்டியிருந்தது. வண்டியை நகர்த்தி, தரையில் அந்த வழி முழுக்க மஞ்சள் கட்டம் அடித்து மறுபடி நடந்ததில் 7 நொடி. அந்த எண்ணும் அட்டையில் ஏறியிருக்கிறது.